நிற்க ஓர் இடம் கொடுங்கள்

“வருஷா வருஷம் கேஸ் போடணுமா தம்பி?” சென்னையில் ஏசி மெக்கானிக்காக நான் போகிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வேண்டவே வேண்டாம். மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

கசிவைப் பிடிக்க நைட்ரஜன் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சரிசெய்து, வேக்குவம் பம்ப் ஓட்டி, கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். அவசரத்தில் ஆகிற வேலை இல்லை.

ஆனால் அவுட்டோர் யூனிட் இருப்பதோ நாலாவது மாடியில், ஜன்னலுக்கு வெளியே, சுவரில் அடித்த பிராக்கெட்டில். கால் வைக்க சன்ஷேடு மட்டும்தான். அது வெயிலையும் மழையையும் தடுக்கக் கட்டியது, ஆள் நிற்க அல்ல. ஃபிளேர் நட்டை முறுக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் வால்வைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரு கை ஜன்னல் கம்பியைப் பற்றியிருக்கும்போது எப்படி முடியும்? கேஸை மட்டும் ஏற்றிவிட்டு உள்ளே வந்துவிடுகிற பையனை ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். உயிருக்குப் பயந்தவன். அடுத்த கோடையில் நீங்கள் மறுபடி பணம் கொடுக்கிறீர்கள். கசிந்த கேஸ் ஆர்-410ஏ என்றால், ஒரு கிலோ சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும்.

கடலோரத்தில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். உப்புக் காற்றில் போல்ட் அரித்துப்போயிருப்பது பெயின்ட்டுக்கு அடியில் தெரியாது. முப்பது கிலோ யூனிட்டை அதிலிருந்து கழற்றும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். சேஃப்டி பெல்ட் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், கட்டுகிறோம். கொக்கியை எதில் மாட்டுவது? ஜன்னல் கம்பி ஆள் பாரம் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

அடுக்குமாடிக் கட்டட வரைபடத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைக் காட்டாமல் அனுமதி வாங்க முடியாது. அதேபோல ஒவ்வொரு ஏசிக்கும் கதவு வழியாகப் போய் நின்று வேலை பார்க்க, கைப்பிடிச் சுவரோடு ஒரு தளம் காட்டினால்தான் அனுமதி என்று அரசு விதி செய்ய வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் பொறியாளரை வைத்து, பெல்ட் மாட்டப் பாரம் தாங்கும் வளையங்களை மொட்டைமாடியில் பதிக்கலாம். குடியிருப்போர் சங்கம் நினைத்தால் முடியும்.

புது வீடு பார்க்கப் போகிறவர்கள் பில்டரிடம் ஒன்று கேளுங்கள்: அவுட்டோர் யூனிட்டுக்கு எந்தக் கதவு வழியாகப் போவது? ஜன்னல் வழியாகத்தான் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள்.