பழைய லாரியும் பருமனான கம்பியும்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில், அவர் தந்தையார் ஓட்டிய அமெரிக்கப் போர்டு லாரி பல்லாண்டுகளாகத் துருவேறி நிற்கின்றது. பழைய இரும்பாக எடைக்குப் போடலாமா என்று வினவினார். நமக்கு அதில் உடன்பாடில்லை.

1955 வரை வந்த அவ்வகை லாரிகள் 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியவை. 1956இல் 12 வோல்ட் வந்தது. 'ஆறு வோல்ட்டுக்கு வலுவில்லை' என்று பட்டறைகளில் கூறுவர். குற்றம் பெரும்பாலும் கம்பியினுடையதே. 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 10 வேண்டும். ஆதலின் பாட்டரிக் கம்பி பருமனாக இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியைப் பூட்டிவிட்டு ஸ்டார்ட்டரைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்ற கதைதான்! எர்த் கம்பி படியுமிடத்தில் வர்ணத்தைச் சுரண்டுக. அவ்வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணையும், மாற்றிப் பூட்டற்க. துணியுறை பொடிந்த கம்பிகளை ஒட்டுப்போடாது முற்றிலும் மாற்றுக. தீ மூளும் இடம் அதுவே. 12 வோல்ட்டுக்கு மாறுவதாயின் பல்பு, காயில், டைனமோ யாவும் மாறவேண்டும், செலவு மிகும்.

கியர் பெட்டியின் எண்ணெயை முதலில் வடித்துப் பார்த்தல் நன்று. எஃகுத் துண்டுகள் வந்தால் பல் முறிந்திருக்கும். பித்தளை உறுப்புள்ள பெட்டிக்குக் கந்தகச் சேர்க்கை மிகுந்த ஜி.எல்.5 எண்ணெய் ஆகாது, ஜி.எல்.4 ஏற்றது. வேகத்தைச் சமப்படுத்தும் வளையமில்லாத பெட்டியாயின் கிளட்சை இருமுறை மிதித்தே கியர் மாற்றவேண்டும்.

தந்தையாரின் கால் இரண்டு முறை அசைவதைச் சிறுவயதில் கண்டிருப்பதாக அன்பர் கூறினார். கம்பி வேலை தொடங்கிவிட்டது. பெட்டியைத் தை மாதம் திறக்கின்றார்.