சம்பாவைச் சுட்ட தீ

“கலைக்கு நோக்கம் எதற்கு? கண்ணுக்கு விருந்தளித்தால் போதாதா?” என்று கேட்கும் கனவான்கள் இன்றும் உளர். அவர்களுக்கு விடையளிக்க நாம் நெடிய வாதம் புரிய வேண்டியதில்லை. நீலிமா ஷேக் தீட்டிய பன்னிரண்டு சிறு படங்களைக் காட்டினால் போதும்!

1945இல் டில்லியில் பிறந்த அவ்வம்மையார், வரலாறு பயின்று, பின்னர் பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் ஓவியம் கற்றவர். அவர் விரும்பி ஏற்றது சிற்றோவிய மரபு. தாள்மேல் தாள் ஒட்டி, வழவழப்பாகத் தேய்த்த வாஸ்லித் தாளில், பிசின் கலந்த வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தீட்டும் நுண்கலை.

யாருக்காக வளர்ந்தது அம்மரபு? முகலாய மன்னரும், இராசபுத்திர அரசரும், காங்கிரா மலைநாட்டுச் சிற்றரசரும் கையிலேந்திக் களிப்பதற்காக! வேந்தனின் வேட்டை, தேவனின் லீலை, காதலனுக்காகக் காத்திருக்கும் காரிகை! பெண்ணுக்கு அங்கே இடமிருந்தது. ஏங்குவதற்கும் அழகாய் நிற்பதற்கும்!

அந்தத் தாளையும் தூரிகையையும் கொண்டே நீலிமா 1984இல் ‘சம்பா வளர்ந்தபோது’ என்ற படவரிசையைத் தீட்டினார். சம்பா புராணப் பாத்திரமல்லள். அவர் அறிந்திருந்த பெண். துள்ளித் திரிந்த சிறுமி மணமகளாகிறாள். புகுந்த வீட்டின் அடுக்களையில் அடைபடுகிறாள். வரதட்சணைப் பேய்க்குத் தீயில் பலியாகிறாள். பார்க்கக் குனிந்தவன் பதறி நிமிர்கிறான்!

“பழம்பெருமை காத்தார்” என்று அவரைப் போற்றுவோரைக் கேட்கிறோம்: பெண்ணைப் பொருளாக எண்ணியதும் அந்தப் பழமைதானே? “அரசர் கலை நமக்கெதற்கு?” எனும் தோழர்க்கும் ஒன்று சொல்வோம்: அரண்மனை விளக்காயிற்றே என்று ஒளியை வெறுப்பதா? அதைக் குடிசைக்குக் கொணர்வதன்றோ அறிவுடைமை!

கவிதையையும் அவர் அவ்வாறே கையாண்டார். காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாகித் அலியின் கவிதைகளில் தோய்ந்து, 2003 முதல் நெடிய தொங்குதிரைகளில் காஷ்மீரத்தின் இழப்பையும் துயரையும் தீட்டினார். ‘பூவுலகச் சுவர்க்கம்’ என்ற புகழ்ச்சிக்குள் புதைந்திருந்த கண்ணீர் அங்கே தெரிந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. 1986இல் வரதட்சணைச் சாவு தனிக்குற்றமாயிற்று. ஆயினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் அத்தகைய சாவுகள் ஆறாயிரத்துக்கும் மேல் பதிவாயின! சட்டப் புத்தகம் தடித்தது, சம்பாக்கள் சாம்பலாயினர்.

பட்டம் பெற்ற இளைஞனே! படத்தைக் கண்டு கண்ணீர் சிந்துதல் எளிது. உன் பட்டத்துக்கு உன் பெற்றோர் விலை பேசும்போது, “நான் விற்பனைக்கில்லை” என்று எழுந்து நின்று சொல்வதே அரிது. அவர் தூரிகை தன் கடமையைச் செய்துவிட்டது. உன் நாக்கு என்ன செய்யப்போகிறது?