கொடிக்கு ஒரு கயிறு

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. நுவரெலியாவில் வாழ்வோருக்கு இதன் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் அமைந்துள்ள இவ்வூரில், இம்மாதங்களின் சில விடியற்காலைகளில் புற்றரை சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். உருளைக்கிழங்குச் செடிகளின் இலை கருகும். அப்பனி ஓய்ந்ததும் சித்திரை வசந்த விழாவுக்கு ஊர் ஆயத்தமாகத் தொடங்கும். அவ்வேளையில், செலவு அதிகமின்றி வீட்டு முற்றத்தை அலங்கரிக்க எதை விதைக்கலாம் என்று நேயர் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. நஸ்டர்சியக் கொடியை விதையுங்கள் என்பதே நாம் கூறும் விடை.

இக்கொடி நமது நாட்டுக்குரியதன்று. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரல் இதன் தாயகம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இது ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தது. வட்டமான இலை கேடயத்தையும், மலர் தலைக்கவசத்தையும் நினைவூட்டுவதால், 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ், போர் வெற்றிச் சின்னத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்குத் 'திரோப்பியோலம்' என்று பெயரிட்டார். 1762இல் அவருடைய மகள் எலிசபெத், அப்போது பத்தொன்பது வயது நங்கை, அந்தி மங்கும் பொழுதில் இம்மலர்கள் மின்னுவதைக் கண்டு எழுதிவைத்தாள். மலரில் மின்சாரம் இருப்பதாகச் சிலர் எண்ணினர். பச்சை இலைகளின் நடுவே செம்மஞ்சள் மலரை மங்கலொளியில் பார்க்கும் நமது கண்ணே அம்மாயத்தைச் செய்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. மாணவர்கள் ஒரு மாலைப் பொழுதில் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

நமது மலைநாட்டுக்கு இத்தகைய மலர்களைக் கொணர்ந்தோர் ஆங்கிலேயர். ஹக்கலையில் 1861ஆம் ஆண்டு கொயினா மரப் பயிருக்கெனத் தொடங்கிய தோட்டம் நாளடைவில் பூங்காவாயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் மலைதோறும் தோட்டங்களும், தோட்டந்தோறும் துரைமார் பங்களாக்களும், பங்களாதோறும் பூம்பாத்திகளும் எழுந்தன. அப்பாத்திகளில் மண் கொத்தி நீர் வார்த்தவர்கள் லயக் காம்பராக்களில் வாழ்ந்த நம்மக்கள். அவர்களுக்கென ஒரு முற்றம் பெரும்பாலும் இருந்ததில்லை. மலர்கள் மட்டும் வேலி தாண்டிச் சரிந்து, கான் ஓரங்களிலும் ரயில் பாதைச் சரிவுகளிலும் தாமாகவே பூத்துக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவோம். விதை கடலையளவு பருத்தது. மேற்றோல் சுருங்கித் தடித்திருக்கும். ஓர் இரவு முழுவதும் அதனை நீரில் ஊறவைத்தல் நன்று. மாசி நடுப்பகுதியில், வெயில் படும் இடத்தில், அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை ஆழத்தில், அடிக்கு ஒன்றாக ஊன்றுக. விதை இருளில்தான் முளைக்கும். ஆகவே மண்ணால் நன்றாக மூடுதல் வேண்டும். பிடுங்கி நடுதல் இதற்கு ஒவ்வாது; நிற்க வேண்டிய இடத்திலேயே விதைத்தல் சிறந்தது. நமது குளிரில் முளை காண இரண்டு வாரம் வரை செல்லலாம். உறைபனி இதற்குப் பகையாதலால், பனி விழும் என்று தோன்றும் இரவுகளில் பழஞ்சாக்கினால் மூடிவைப்பது அவசியம். ஏறக்குறைய எட்டு வாரங்களில், சித்திரை விழாவை ஒட்டி, முதல் மலர் விரியும்.

இலையின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடும். இலையை மென்று பாருங்கள். கடுகின் காரம் நாவிலேறும். கடுகு, கோவா, முருங்கை, பப்பாசி ஆகியவற்றோடு இதுவும் ஒரே வரிசையைச் சேர்ந்ததாதலின் அக்காரம் வியப்பன்று. இளந்தளிரை அரிந்து சம்பலிற் சேர்க்கலாம். பச்சைக் காயை வினாகிரியில் ஊறவைத்து ஊறுகாயாக்கலாம். ஆனால் கடையில் வாங்கும் விதைக்கு மருந்து பூசியிருக்கக் கூடும். அதனை ஒருபோதும் வாயிலிடலாகாது. அழுக்கணவன் பூச்சி தண்டில் மொய்த்தால் சவர்க்கார நீர் தெளித்துக் கழுவினாற் போதும்.

எரு இடுவது பற்றி நாம் இன்னும் கூறவில்லை. அங்கேதான் நாம் தவறினோம். முதன்முறை விதைத்த ஆண்டில் ஆசை மிகுந்து மாட்டெருவும் இட்டோம். தேயிலைக்கு இடும் உரத்திலும் ஒரு பிடி அள்ளி வைத்தோம். கொடி கொழுகொழுவென்று வளர்ந்தது. இலைகள் சிறு தட்டின் அளவு விரிந்தன. சித்திரை வந்தது, விழாவும் முடிந்தது, எண்ணி ஐந்து மலர்களே கிடைத்தன. அதே சமயம், எமது மாணவியொருத்தியின் லயத்து இஸ்தோப்பில், பழைய பால்மாத் தகரத்தில், வெறுஞ் செம்மண்ணில் வளர்ந்த கொடியோ இலை தெரியாமற் பூத்திருந்தது. உரத்திலுள்ள நைதரசன் மிகுந்தால் செடி இலையும் தண்டுமாகவே பெருகும், பூப்பதை மறக்கும். மெலிந்த மண்ணிலே நிற்கும் செடி, காலம் தாழ்த்தாது பூத்து விதை தர முற்படும்.

ஆசிரியருக்கு இத்தகைய செய்தி கிடைத்தால் விட்டுவிடுவாரா? மறுநாள் பத்தாந்தர வகுப்பில் அதனையே பாடமாக்கினோம். வறிய மண்ணிலேதான் வளமான மலர் பிறக்கிறது. ஆகவே வசதியில்லை என்று வருந்தாதீர்கள் என்று சற்று நீளமாகவே உபதேசித்தோம். வகுப்பு அமைதியாகக் கேட்டது. அந்த மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், நஸ்டர்சியம் வெறும் மண்ணில் பூக்கும். கரட்டும் லீக்ஸும் எரு இல்லாமல் விளையுமா? எங்கள் அப்பா கூடை கூடையாகக் கூட்டெரு சுமக்கிறார். நாங்கள் எந்தச் செடி, சேர்?"

அவள் குரலில் துடுக்கு இல்லை. அறிய விரும்பியே கேட்டாள். எமக்கோ விடை வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேருடன் உறங்கி, அடுப்புப் புகையிடையே பாடம் படிக்கும் பிள்ளைக்கு, அவ்வறுமையே உரம் என்று கூறியிருந்தோம். அவ்வாறு கூறுவது எளிது, கூறுபவருக்குச் செலவில்லை. 1948இல் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நிறைவான தீர்வுக்காகக் காத்திருந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்த நாம் யார்?

அன்று மாலை அந்த இஸ்தோப்பிற்குச் சென்று கொடியை மீண்டும் உற்று நோக்கினோம். முன்னர் காணத் தவறிய ஒன்று அப்போது தென்பட்டது. தகரத்திலிருந்து கூரை வரை மெல்லிய தும்புக் கயிறுகள் மூன்று கட்டப்பட்டிருந்தன. இக்கொடிக்குப் பாகல், புடோல் போலப் பற்றுச்சுருள் கிடையாது. இலைக்காம்பே தான் தொட்ட பொருளை உணர்ந்து வளைந்து சுற்றிக்கொள்ளும். இவ்வாறு இலையால் ஏறும் கொடிகளைப் பற்றி டார்வின் 1865இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விரிவாகவே எழுதியுள்ளார். பருத்த கம்பத்தை அக்காம்பு பற்றமாட்டாது. மெல்லிய கயிறு வேண்டும். கயிறில்லையேல் ஆறடி ஏறவேண்டிய கொடி தரையிலே படர்ந்து காலில் மிதிபடும். கயிறுகளைக் கட்டியவர் யார் என்று வினவினோம். "அம்மாதான், சேர். கொழுந்து பறித்துவிட்டு வந்து கட்டினார்" என்றாள் மாணவி.

மறுவாரம் முதல், பாடசாலை விட்ட பின்னும் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க அதிபரிடம் அனுமதி பெற்றோம். விளக்கும், மேசையும், இரண்டு மணி நேர அமைதியும் மட்டுமே அங்கிருந்தன. முதல் நாள் நான்கு பேர் வந்தனர். மாத முடிவில் பத்தொன்பது பேர். கடைசி பஸ்ஸிற்கு அனுப்பிவைத்து நாம் வீடு திரும்புவோம். அந்த மாணவி இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். பெறுபேறு இன்னும் வெளியாகவில்லை. அது எவ்வாறாயினும், அவள் வினாவுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடுகள் எழுந்துள்ளன. அங்கே குடிபுகுந்தோர் கறித்தோட்டத்துக்கு எரு இடட்டும். வாசலோரத்தில் எரு இடாத ஒரு மூலையில் நான்கு நஸ்டர்சிய விதைகளையும் ஊன்றட்டும். லயத்தில் இருப்போருக்கு ஒரு தகரமே போதும். ஆனால் நேயர்களே, விதையை ஊன்றும் அன்றே கயிற்றையும் கட்டிவிடுங்கள். கொடி வளர்ந்த பின் கட்டலாம் என்றிருந்தால், பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.