யூரியாவுக்கு வரிசையில நிக்கிற நெல்லு விவசாயிக்கு விதையிலயே பதில் இருக்கா?



நம்ம வானூர் பக்கம் மல்லாட்டைக்கும் சவுக்குக்கும் யாராவது மூட்டை மூட்டையா யூரியா கொட்டி பார்த்திருக்கீங்களா? தேவையே இல்ல. காத்துல 78% நைட்ரஜன்தான். மல்லாட்டை வேர் முடிச்சுல ரைசோபியமும், சவுக்கு வேர்ல பிராங்கியாவும் அதைப் பிடிச்சு தழைச்சத்தா மாத்திக் கொடுத்துடும்.

நெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. தழைச்சத்து குறைஞ்சா அடி இலை மஞ்சளாகும், தூர் கட்டாது. அதனாலதான் 45 கிலோ மூட்டைக்கு சொசைட்டி வாசல்ல வரிசை. போட்ட யூரியாவுலயும் பாதிக்கு மேல பயிருக்குச் சேராம ஆவியாவும், தண்ணியோடவும் போயிடுது. கடைசியில கிணத்துத் தண்ணியில நைட்ரேட்.

இதுக்கு விஞ்ஞானிகள் விதையிலயே வழி தேடுறாங்க. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல பார்லியோட ஒரு மரபணுவை நெல் வேர்ல வேலை செய்ய வச்சாங்க. அந்த நெல் தழைச்சத்தை நல்லா இழுத்துச்சு, மகசூலும் கூடுச்சுன்னு 2008ல ஆய்வு வந்துச்சு. 2022ல கலிபோர்னியா பல்கலைக்கழகம் (டேவிஸ்) வேற வழியில போச்சு. வெளி மரபணு எதையும் சேர்க்காம, நெல்லோட சொந்த மரபணுவையே திருத்தினாங்க. அதோட வேர்லருந்து கசியுற ஒரு பொருள், மண்ணுல இருக்கிற பாக்டீரியாவை நைட்ரஜன் பிடிக்கத் தூண்டுது.

இந்தியாவும் சும்மா இல்ல. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் சம்பா மசூரியில மரபணு திருத்தி உருவாக்கின டிஆர்ஆர் தான் 100 ரகத்தை 2025 மே மாசம் மத்திய அரசு அறிவிச்சுது. அது முக்கியமா மகசூலுக்கான ரகம். தழைச்சத்துப் பிரச்சனைக்கும் இதே தொழில்நுட்பம் நாளைக்கு வரலாம்.

இப்ப நம்ம குரூப்லயே ரெண்டு ஃபார்வர்டு சுத்துது. "மரபணு நெல்லுன்னாலே விஷம்"னு ஒண்ணு. "இனி உரமே வேண்டாம்"னு இன்னொண்ணு. ரெண்டையும் ஷேர் பண்ணாதீங்க. கேட்க வேண்டிய கேள்வி வேற: விதை யார் கையில?

2002ல வந்த பிடி பருத்தி ஹைப்ரிட் விதை. வருஷா வருஷம் கடையில வாங்கியே ஆகணும். ஆனா திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டிஎம்வி மல்லாட்டையை நம்ம தாத்தா பாட்டி ஒரு தடவை வாங்கி, அடுத்த வருஷத்துக்குத் தாங்களே விதை எடுத்து வச்சாங்க. அரசு ஆராய்ச்சியோட அருமை அதுதான். மரபணு திருத்துற கிரிஸ்பர் முறையோட முக்கிய காப்புரிமை வெளிநாட்டு நிறுவனங்கள் கையில இருக்கிறதால இந்தக் கேள்வி இன்னும் அவசரம்.

அதனால நாம கேட்போம்:
✅ நம்ம மண்ணுல, பாதி யூரியா போட்டு, அரசே சோதனை நடத்தணும்.
✅ முடிவு நல்லதோ கெட்டதோ, தமிழ்ல வெளிய வரணும்.
✅ விதையை எடுத்து வைக்கிற உரிமை விவசாயிகிட்டயே இருக்கணும்.

அதுவரைக்கும் தக்கைப்பூண்டு மடக்கி உழுங்க, அசோலா விடுங்க, இலை வண்ண அட்டை பார்த்து அளவா மேலுரம் போடுங்க.

அறிவியலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனா விதையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்க ஊர்ல ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடுறாங்க? கமெண்ட்ல சொல்லுங்க 👇

#வானூர் #விழுப்புரம் #விதைஉரிமை