போராட்டமே இல்லாத மக்களா நாங்கள்?

மாத்தளைப் பலாபத்வலயில் உயர்தர மாணவர்களுக்காக அண்மையில் நடந்த கருத்தரங்கில் ஒருவர் பேசினார். தலைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க வரலாற்றின் திருப்பங்கள். அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய குறை எதுவும் இல்லை. அங்கிருந்து இங்கே தாவிச் சொன்னதற்குத்தான் இந்த எதிர்வினை. அவருடைய வாதம் இதுதான்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1965 வரை வாக்குக்காக அடிவாங்கினார்கள். இலங்கையில் 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆகவே மலையகத் தமிழருக்குச் சிவில் உரிமைப் போராட்டம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. பிரஜாவுரிமைச் சிக்கல் வெறும் பத்திரத் தாமதம், அதுவும் 2003இல் தீர்ந்துவிட்டது.

இதில் இலங்கையைப் பற்றிய ஒவ்வொரு வரியும் பிழை. தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் அது பிழையோடு நிற்கவில்லை, அநீதியாகவும் ஆகிறது.

முதலில் 1931. டொனமூர் சீர்திருத்தம் தந்த சர்வஜன வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கு அப்படியே வந்து சேரவில்லை. நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று அவர்கள் தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்தவரிடம் யாரும் கேட்காத ஆதாரத்தை லயத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். அந்த வடிகட்டலையும் தாண்டி எங்கள் மக்கள் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் அப்படிப் போனவர். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் அப்படிப் போனவர்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பேச்சாளர் தொடவே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அது. மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தவரின் பேரன் எந்தக் கச்சேரியில் போய் அந்தப் பத்திரத்தைத் தேடுவான்? பாட்டன் பிறந்தபோது யார் பதிந்து வைத்தார்கள்? கொடுக்க முடியாத ஆதாரம் எது என்று தெரிந்துகொண்டு அதையே கேட்ட சட்டம் அது.

1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் என்று ஒரு சிறிய வாசலைத் திறந்தார்கள். மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு இடையறாத வதிவு வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது 1 லட்சத்து 34 ஆயிரம் பேரளவில்தான். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவரின் பெயரை இடாப்பிலிருந்து நீக்கினார்கள். 1947இல் வாக்களித்தவரால் 1952இல் வாக்களிக்க முடியவில்லை. இதைத் தாமதம் என்று சொல்ல எந்த அகராதி இடம் தருகிறது? இருந்ததைப் பிடுங்கினார்கள், ஐயா.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. தொகுதி பிரிக்கும்போது நாடற்ற தொழிலாளரையும் சனத்தொகையில் சேர்த்தே எண்ணினார்கள். அந்தத் தலைக்கணக்கால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் வந்தன. ஆனால் அந்த ஆசனத்துக்கு யார் போவது என்று சொல்ல அந்தத் தலைகளுக்கு உரிமை இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை ஆசனக் கணக்கில் சேர்த்துவிட்டு, எழுத்தறிவுச் சோதனையாலும் தலைவரியாலும் வாக்குச் சாவடியிலிருந்து விரட்டினவே, அதே வேலைதான். மேடையில் ஒப்பிட வேண்டியது இதை. ஒப்பிட்டிருந்தால் மாணவர்கள் இரண்டு நாட்டையும் சேர்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரின் பெற்றோர் சீனர்கள். அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாதவர்கள். இருந்தாலும் அந்த மண்ணில் பிறந்ததால் மகன் அமெரிக்கக் குடிமகன் என்று அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. நிற வெறி தலைவிரித்தாடிய காலம் அது. அமெரிக்காவைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் மொண்ட்கொமரியில் 1955 டிசம்பரில் பஸ் ஆசனத்திலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸிடம், நீ எந்த நாட்டுக்காரி என்று யாரும் கேட்டிருக்க முடியாது. தாளில் இருந்த உரிமையை வாழ்க்கைக்குக் கொண்டுவர அவர்கள் போராடினார்கள். எங்களிடம் அந்தத் தாளையே கிழித்தார்கள். எங்கள் போராட்டம் அவர்களுடையதைவிட ஒரு படி கீழேயிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

போராட்டமே இல்லை என்கிறார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன் யார்? தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் கூட்டம் கூட்ட, அவர் மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் துயரத்தைப் பாடினாரே, அது என்ன? அமெரிக்கத் தேவாலயங்களில் எழுந்த விடுதலைப் பாடல்களை மேடையில் சிலாகித்தவருக்கு, அதற்கு ஒரு தலைமுறை முன்பே இந்த மலையில் பாடிய பெண் நினைவுக்கு வரவில்லை. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகம் எதற்காக?

நீதிமன்றத்தையும் விடவில்லை. கோடாக்கன்பிள்ளை என்ற வாக்காளர் தன் பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து வழக்காடினார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்த காப்பை இந்தச் சட்டங்கள் மீறுகின்றன என்பது வாதம். வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்று சொல்லி 1953இல் கோமறைக் கழகம் கைவிரித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், பாடசாலைகளில் நிறப் பிரிவினை யாப்புக்கு முரண் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் பிரவுண் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்கள் வென்றார்கள், நாங்கள் தோற்றோம். தோற்றவர் போராடவே இல்லை என்று எழுதுவது வரலாறு ஆகாது.

1964ஐயும் பாருங்கள். ஜூலையில் வாஷிங்டனில் சிவில் உரிமைச் சட்டம் கைச்சாத்தானது. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்ற 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு; எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. அண்ணன் ஏறினான், தம்பி நின்றான். போனவர்களில் பலர் நீலகிரிக் குளிரில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். இதையெல்லாம் பத்திரத் தாமதம் என்று சொல்ல நாக்கு எப்படி எழுந்தது?

2003இல் தீர்ந்துவிட்டது என்பது கடைசி வாதம். 1986, 1988, 2003 சட்டங்கள் வந்தது உண்மை, நாடற்றவர் என்ற பெயர் நீங்கியதும் உண்மை. ஆனால் தருகிறோம் என்று சொன்ன சட்டங்கள் அவை. பறித்தது தவறு என்று சொல்லவில்லை. 1988இல் அமெரிக்காவில் இன்னொரு சட்டம் வந்தது. போர்க் காலத்தில் முகாம்களில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கரிடம் அந்த அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20 ஆயிரம் டொலர் கொடுத்தது. போருக்குப் பிந்திய அமெரிக்காவிலிருந்து இலங்கை கற்க ஒரு பாடம் உண்டென்றால் அது இதுதான். அந்தப் பாடத்தைப் பேச்சாளர் பக்கத்தோடு தள்ளிவிட்டார்.

வாக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று அமெரிக்கக் கறுப்பின மக்களும் இருந்துவிடவில்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. குடியிருப்பில் பாகுபாடு கூடாது என்ற சட்டத்துக்கு 1968 ஏப்ரல் வரை, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டுச் சாகும் வரை, அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இங்கே 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நடைபயணம், முன்னோர் வந்த அதே தம்புள்ளைப் பாதை வழியாக ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தது. இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுக்குப் பிறகும் காணியும் வீடும் கேட்டுத்தான் நடந்தார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்பவர், மாத்தளைத் தோட்டத்து லயம் ஒன்றுக்குப் போய், இந்த அறைக்கு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு வந்து அடுத்த பேச்சைப் பேசட்டும்.