உடம்பைப் பார்த்துக் கொடுக்கும் காசு

பினாங்கில் ஒருவர் தனியாக ஒரு டிரெய்னர் வைத்துக்கொள்ளலாம் என்று வாய் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "ஆளோட பாடியைப் பாருங்க, அதுலயே தெரிஞ்சிடும்." இன்ஸ்டாகிராமில் சட்டையில்லாத படம், வயிற்றில் ஆறு கட்டு, புஜத்தில் புடைத்த நரம்பு. இவை இருந்தால் விசாரணை முடிந்தது, பணம் கைமாறுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் மலேசியத் தமிழரிடையே ஆபத்தானதும்கூட.

கட்டுமஸ்தான உடல் ஒன்றைத்தான் சொல்கிறது: அந்த ஆள் தன் உடம்பைக் கவனித்துக்கொண்டார். அதற்குப் பின்னால் இளவயது இருக்கலாம், நாள் முழுக்க ஜிம்மிலேயே கழிக்கும் வசதி இருக்கலாம், பெற்றோர் தந்த உடல்வாகு இருக்கலாம். 1990களில் வட அமெரிக்காவில் நடந்த 'ஹெரிட்டேஜ்' ஆய்வில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே விதமான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். சிலருடைய மூச்சுத்திறன் வெகுவாகக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையைச் சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். அப்படியிருக்க, ஒருவருடைய தோளைப் பார்த்துவிட்டு இன்னொருவருக்கும் அது வரும் என்று எப்படிச் சொல்வது?

சில உடல்களுக்குப் பின்னால் ஊசியும் இருக்கிறது. 'லிவர் கிங்' என்று பெயர் வைத்துக்கொண்ட அமெரிக்கர் பிரையன் ஜான்சன், பச்சை ஈரலும் ஆதிமனித வாழ்க்கையும்தான் தன் உடலின் ரகசியம் என்று லட்சக்கணக்கானோரை நம்பவைத்தார். 2022 டிசம்பரில், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை அவரே காணொளியில் ஒப்புக்கொண்டார். அதுவரை அவர் காட்டிய ஒரே சான்று அவருடைய உடம்புதான்.

தமிழர்களுக்கு இந்த மயக்கம் புதிதல்ல. உடற்கட்டு வித்தகர் யூஜின் சாண்டோவின் பெயரைப் பலசாலிகளுக்குப் பட்டமாகவே சூட்டினார்கள்; திரைப்பட உலகில் 'சாண்டோ' சின்னப்பா தேவர் அப்படி வந்தவர். ஆனால் அந்த சாண்டோ 1897இல் லண்டனில் திறந்த பயிற்சிக்கூடத்தில், சேர வந்தவரை முதலில் அளந்தார்கள், பரிசோதித்தார்கள், பிறகு அவரவருக்கு ஏற்ற பயிற்சியை எழுதிக் கொடுத்தார்கள். சாண்டோவின் மார்பு நினைவில் நின்றது. அந்தக் குறிப்பேடு மறந்துபோயிற்று.

சொந்தச் சாதனை வேறு, கற்றுத் தரும் திறன் வேறு என்பதற்குப் பினாங்குக்காரர்களிடம் மறுக்க முடியாத உள்ளூர்ச் சாட்சி இருக்கிறது. புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையம் நிக்கோல் டேவிட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எட்டு முறை உலகப் பட்டம், ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் உலகின் முதலிடம். அவர் 2003இல் ஆம்ஸ்டர்டாம் சென்று பயிற்சி பெற்றது லிஸ் இர்விங்கிடம். இர்விங் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை வந்தவர். ஒற்றையர் உலகப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கோப்பைகளை எண்ணித்தான் ஆசானைத் தேர்வது என்றால் நிக்கோல் அங்கே போயிருக்கவே மாட்டார். சச்சின் டெண்டுல்கரை உருவாக்கிய ராமகாந்த் அச்ரேக்கர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். தான் செய்து காட்டாதவர் எப்படிச் சொல்லித் தருவார் என்ற கேள்வி நியாயமானதுதான். பளு தூக்கும் முறை தெரியாதவர் டிரெய்னராக இருக்கக் கூடாது. ஆனால் செய்யத் தெரிவது ஒரு திறமை, எதிரில் நிற்பவரின் உடம்பைப் படிப்பது வேறொரு திறமை.

எதிரில் நிற்பவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4. ஜார்ஜ் டவுனில் நாற்பது, ஐம்பது வயதில் ஜிம் படியேறும் தமிழரின் பையில் அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் இருக்கக்கூடும். அதில் கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரை இருந்து, அவர் அதைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். விவரம் தெரியாத டிரெய்னர் அதைப் பார்த்து, பயிற்சி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து "இன்னும் பத்து!" என்பார். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கோ நாடித்துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது. இயந்திரத்தில் காட்டும் எண்ணை நம்பி அவரை விரட்டுவது பெருந்தவறு. நீரிழிவால் விழித்திரை மோசமாகக் கெட்டிருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். பாதம் மரத்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது.

நோயே இல்லாதவருக்கும் முதல் நாள் அபாயம் உண்டு. பல ஆண்டு அசையாத தசையை ஒரே நாளில் பிழிந்தெடுத்தால், தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதில் எதையும் ஆறு கட்டு வயிறு கற்றுத் தராது.

உடம்பைப் பார்த்து மயங்கியவர் பணத்தையும் மொத்தமாகக் கட்டிவிடுகிறார். கிள்ளான் பள்ளத்தாக்கில் கிளைகள் நடத்திய ட்ரூ ஃபிட்னஸ் ஜிம் 2017 ஜூனில் திடீரென மூடப்பட்டபோது, முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் திகைத்து நின்றார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது: இப்படித் தொடர்ந்து தரப்படும் சேவைக்கு ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும்; இடையில் விலகலாம்; அப்போது மொத்தத் தொகையில் 5 விழுக்காடும், பெற்ற பயிற்சிக்கும் பொருளுக்கும் உரியதும்தான் பிடிக்கப்படும். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். ஆலோசனை கேட்கப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தத் தீவிலேயே இருக்கிறது.

ஆகவே டிரெய்னரிடம் கேட்க வேண்டியது வேறு. எந்த அமைப்பின் சான்றிதழ், அது காலாவதியாகிவிட்டதா, மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, உங்களைப் போன்ற வயதும் நோயும் உள்ள எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்று கேட்கலாம். அதைவிட முக்கியம், அவர் என்ன கேட்கிறார் என்பது. கனடாவில் 1970களில் உருவான ஏழு கேள்விப் படிவம் ஒன்று உண்டு: இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலி வந்ததா, தலைச்சுற்றல் உண்டா, மூட்டில் பிரச்சினையா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா என்று போகும். அதை நிரப்ப ஐந்து நிமிடம் ஆகாது. அந்தக் கேள்விகளைக் கேட்காமல் முதல் நாளே பளுவைக் கையில் கொடுப்பவர் எப்பேர்ப்பட்ட கட்டுடல்காரராக இருந்தாலும், அவருக்கு ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.