72 மணி நேரத்தை லாட்ஜில் தொலைக்கலாமா?

சனிக்கிழமை ராத்திரி சபலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் திக் திக். திங்கட்கிழமை வாலிபர் எங்கே ஓடுகிறார்? பெரிய ஆஸ்பத்திரிக்கா? அதுதான் இல்லை. பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் "ரகசிய நோயா?" நோட்டீசைப் படித்துவிட்டு, லாட்ஜ் அறையில் முகாம் போட்டிருக்கும் வைத்தியரைத் தேடி ஓடுகிறார்!

அங்கே நடப்பது என்ன? வைத்தியர் நாடி பிடிக்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "லேட்டா வந்துட்டே தம்பி, நரம்புல இறங்கிடுச்சு" என்கிறார். லேகியம் ஒரு டப்பா, சூரணம் ஒரு பொட்டலம், எண்ணெய் ஒரு பாட்டில். மாதச் சம்பளம் காலி. ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே கிடையாது. வெட்டைக்கும் அதே லேகியம், கிரந்திக்கும் அதே லேகியம், ஒன்றுமே இல்லாத பயத்துக்கும் அதே லேகியம். (முறைப்படி படித்துப் பட்டம் வாங்கிய சித்த டாக்டர்களை இந்தக் கும்பலோடு சேர்க்கக் கூடாது. அவர்கள் வேறு.)

பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். போன நேரம் வருமா?

எய்ட்ஸ் கிருமி உடம்பில் தங்காமல் தடுக்க மாத்திரை உண்டு. சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவை இல்லை என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்வார். நாலாவது நாள் போய் நின்றால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. லாட்ஜ் வைத்தியர் வாலிபரிடம் திருடுவது இந்த மூன்று நாளைத்தான்.

இத்தனைக்கும் சென்னை இந்த விஷயத்தில் நேற்று விழித்த ஊர் அல்ல. இந்தியாவிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்து சொன்னார்கள். 2000-க்குப் பிறகு "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் போர்டு வைத்தார்கள். சின்னப் பையன்கூட அதைச் சொல்லிச் சிரித்தான். புள்ளி ராஜா பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. 72 மணி நேரம் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாலிபர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கிறார்கள்?

வெட்கம். சீட்டு வாங்கும் ஜன்னலில் "என்னய்யா உடம்புக்கு?" என்று சத்தமாகக் கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கும் 30 பேர் காதைத் தீட்டிக் கொள்கிறார்கள். வாலிபர் "தலைவலி" என்று சொல்லிவிட்டு, தலைவலி மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்புகிறார். இதில் தப்பு வாலிபர் மேல் மட்டும்தானா? அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் அரசாங்கத்துக்குக் காலணா செலவில்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று தனி அறை இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தாகிவிட்டது. 2018 முதல் அமலில் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமா? 1097-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். காசு கிடையாது.

கிரந்தி என்கிற சிபிலிஸ் பெரிய கள்ளன். சுமார் 3 வாரம் கழித்து ஒரு புண் வரும். வலிக்காது. தானாகவே ஆறிவிடும். "லேகியம் வேலை செய்யுது" என்று வாலிபர் கும்பிடு போடுவார். நோய் உள்ளேதான் இருக்கும். ஆரம்பத்திலேயே வந்தால் ஒரு வேளை பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடும் நோய் இது! விட்டால் வருஷங்கள் கழித்து மூளையையும் இதயத்தையும் பிடிக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. கையைப் பிடித்ததற்கும் முத்தம் கொடுத்ததற்குமே எய்ட்ஸ் வந்துவிட்டதாக நடுங்குகிறவர்கள். லேசாகக் காய்ச்சல் அடித்தால் தூக்கம் போச்சு. வாரம் ஒரு லேபுக்குப் படையெடுப்பு. நோய் உள்ள பெண்ணோடு ஒரு தடவை உறவு கொண்டால்கூட ஆணுக்கு எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் நாலு என்பது டாக்டர்களின் கணக்கு. புண் இருந்தால் அது கூடும். மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில் பலன் இல்லை. கிருமி பரிசோதனையில் அகப்பட நாள் பிடிக்கும். 3 மாதம் கழித்துப் பார்த்தும் 'இல்லை' என்று வந்தால் இல்லைதான். அதற்கு மேலும் பயந்தால் அது வேறு வியாதி.

ஆனால் சிலர் செய்யும் காரியம் கொடுமை. "ரத்த தானம் கொடுடா மச்சான், அவங்களே டெஸ்ட் பண்ணிடுவாங்க, யாருக்கும் தெரியாது" என்று கூட்டாளி யோசனை சொல்கிறான். பரிசோதனையில் தெரியாத நாளில் கொடுத்த ரத்தம் யார் உடம்பில் ஏறும்? பிரசவத்துக்கு வந்த யாரோ ஒரு தாய்க்கு ஏறலாம்.

அடுத்த மாதம் கல்யாணம் வைத்துக் கொண்டு, பத்திரிகையும் அடித்துவிட்டு, வாயை மூடிக் கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது? ஆண் பரிசோதனைக்குப் போகாமல் ஒளியலாம். அவன் மனைவி ஒளிய முடியாது. கர்ப்பிணி ஆனதும் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் அவளைத்தான் பரிசோதிப்பார்கள். எந்தத் தப்பும் செய்யாத பெண், வயிற்றில் பிள்ளையோடு, அந்த அறையில் தனியாக உட்கார்ந்து முடிவைக் கேட்க வேண்டும். பிறகு மாமியார் வீட்டில் "உன்னாலதான் வந்துச்சு" என்ற ஏச்சு வேறு.

கழிப்பறைச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் கிழியக் கிழியப் புதுசாக ஒட்டப்படுகிறது. அவருக்குத் தெரிகிறது, பயந்தவன் எங்கே தனியாக நிற்பான் என்று. அதே சுவரில், அதே உயரத்தில், "72 மணி நேரம், நம்பிக்கை மையம், 1097" என்று மூன்று வரி எழுதிப்போட மாநகராட்சிக்கு ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் போதாதா?